போல் டான்ஸ் வகுப்பில் திருநர்களும் நான்-பைனரி நபர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

முதலில், போல் டான்ஸ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கும். அப்புறம், வகுப்பில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும், ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களிலும் அடங்காத நான்-பைனரி நபர்களுக்கும். நான் இந்த நடனத்தைக் கற்றுக்கொடுப்பவள். திருநர் மாணவர் ஒருவர் ஒரு ஸ்டுடியோவிலேயே நிலைப்பதும் ஒரே வகுப்போடு காணாமல் போவதும் பெரும்பாலும் சின்னச் சின்ன நடைமுறைகளால்தான்: பதிவுப் படிவம், உடை மாற்றும் இடம், உடை பற்றிய விதி, ஆசிரியர் கை வைக்கும் விதம், கேமரா. எல்லாமே நம் கையில் இருப்பவை. பாதிக்குமேல் காசு செலவில்லாமல் மாற்றக்கூடியவை.

போல் டான்ஸ் என்றால் சரியாக என்ன?

தரையிலிருந்து கூரைவரை பொருத்திய உலோகக் கம்பத்தில் ஏறுவது, சுழல்வது, தலைகீழாகத் தொங்குவது, அதோடு தரையிலும் ஆடுவது. கம்பத்தின் விட்டம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர். கை சிறியவர்களுக்கு 40 மில்லிமீட்டர் கம்பமும் உண்டு. அசையாமல் நிற்கும் கம்பத்தை ஸ்டேடிக் என்றும் ஆளோடு சேர்ந்து சுழலும் கம்பத்தை ஸ்பின் என்றும் சொல்கிறோம்.

கம்பத்தில் ஒருவரைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் தோல். தொடை, முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பு என்று வெறும் தோல் உலோகத்தில் ஒட்டினால்தான் வழுக்காது. அரைக்கால் சட்டைக்கும் சின்ன மேலாடைக்கும் இதுதான் காரணம். உடை பற்றிக் கீழே வரும் கேள்விகளும் இதிலிருந்து பிறப்பவைதான், அதனால் இதை மறக்க வேண்டாம்.

நம் ஊரில் இதற்குப் பக்கத்து உறவு ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் வளர்ந்து, இன்று விழுப்புரம் பக்கத்திலும் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிற மல்லர் கம்பம். விளக்கெண்ணெய் தடவிய மரக் கம்பத்தில் செய்வது அது. நீண்ட காலம் கம்பம் ஆண்களுக்கு, கயிறு பெண்களுக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் கம்பத்தில் ஏறுகிறார்கள். எந்தக் கருவி எந்த உடலுக்கு என்பது மனிதர்கள் போட்ட விதி, மாற்றவும் முடியும்.

எங்கள் வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாமே. இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

யாரையும் தடுக்காமல் இருப்பது ஒரு படிதான். உள்ளே வந்தவர் என்ன பார்க்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இணையப் பக்கத்தில் எல்லாப் படங்களிலும் ஒரே வகை உடல்கள். படிவத்தில் இரண்டே கட்டங்கள். கழிப்பறைக் கதவில் இரண்டே உருவங்கள். ஆசிரியர் "வாங்க கேர்ள்ஸ்" என்று தொடங்குகிறார். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஆனாலும் வந்தவர் தனக்கு இங்கே இடம் யோசிக்கப்படவில்லை என்று தெரிந்துகொள்கிறார்.

இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: திருநர்களும் நான்-பைனரி நபர்களும் இங்கே மாணவர்களாக வரலாம், உடை மாற்றும் இடமும் கழிப்பறையும் இப்படி இருக்கின்றன. கூப்பிட்டு விசாரிக்கத் தயங்குபவர்களுக்கு இந்தத் தகவல் பெரிய உதவி. தொலைபேசியில் குரலை வைத்தே "சார்" என்றோ "மேடம்" என்றோ தவறாக அழைக்கப்பட்டுப் பழகியவர்கள் அழைப்பையே தவிர்ப்பார்கள்.

இது பெண்களுக்கான பாதுகாப்பான இடம் இல்லையா? அது கெட்டுப்போகாதா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பல பெண்கள், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் உடலை யாரும் உற்றுப் பார்க்காத இடத்தில் அரைக்கால் சட்டை போட்டு நிற்பது இந்த நடன வகுப்பில்தான். அந்த நிம்மதியைக் காக்க வேண்டும்.

அதே நிம்மதியைத் தேடித்தான் திருநங்கையும் வருகிறார். தெருவில், பேருந்தில், கடையில் அவரை உற்றுப் பார்ப்பது போல வேறு யாரையும் பார்ப்பதில்லை. பெண்களுக்கு மட்டும் என்று வகுப்பு நடத்தினால் அதில் திருநங்கைகள் உண்டு என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். நான்-பைனரி நபர்கள் வரலாமா என்பதையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் முடிவு வரவேற்பு மேசையில் அன்றைக்கு இருப்பவர் கையில் போய்விடும்.

ஒன்றைக் கவனியுங்கள். நான்-பைனரி நபரைப் "பெண் மாதிரிதானே" என்று சேர்த்துக்கொள்வதும், பிறப்பில் பெண் என்று பதிவானதால் திருநம்பியைப் பெண்கள் வகுப்புக்கு அழைப்பதும் அவர்களை மதிப்பது ஆகாது. திருநம்பி ஆண். அவருக்கு எல்லாப் பாலினத்தவருக்குமான வகுப்பு ஒன்று வேண்டும். எல்லாருக்குமான வகுப்பே உங்கள் வழக்கமான வகுப்பாக இருக்கட்டும். பெண்களுக்கான நேரம் தேவைப்பட்டால் அதைத் தனியாக வையுங்கள்.

அத்துமீறும் ஆளைப் பற்றிய பயம் இருந்தால் அதற்கு நடத்தை விதி போடுங்கள். அனுமதியில்லாமல் தொடுபவர், உற்றுப் பார்ப்பவர், படம் எடுப்பவர் யாராக இருந்தாலும் வெளியே. இந்த விதி எல்லாரையும் காக்கும்.

ஸ்ட்ரிப் கிளப் வரலாற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு உண்டு. 1980-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஸ்ட்ரிப் கிளப் (ஆடை களைந்து ஆடும் கேளிக்கை விடுதி) மேடைகளில் இந்த நடனம் வளர்ந்தது. 1990-களில் அங்கே ஆடியவர்களே வெளியாருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் சொல்லிக்கொடுக்கும் சுழற்சிகளும் ஏறும் முறைகளும் உயர ஹீல்ஸ் நடையும் அந்தத் தொழிலாளர்கள் கண்டுபிடித்து, மேடையில் சோதித்து, உடலில் காயம் வாங்கிக் கொடுத்தவை. வேறு வேலை கொடுக்கப்படாத திருநங்கைகளும் அப்படிப்பட்ட மேடைகளில் ஆடிப் பிழைத்திருக்கிறார்கள்.

பிறகு என்ன நடந்தது? உடற்பயிற்சி என்று பெயர் வாங்கியதும் ஒரு கூட்டம் "நாங்கள் அவர்கள் இல்லை" என்று சொல்ல ஆரம்பித்தது. சமூக ஊடகத்தில் தான் ஸ்ட்ரிப்பர் இல்லை என்று ஹேஷ்டேக் போடுவது கொஞ்ச காலம் வழக்கமாகவே இருந்தது.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. சதிராட்டம் பரதநாட்டியமானபோது நடந்ததை நாம் அறிவோம். தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பத்துப் பெண்கள் அவமானத்தோடு ஒதுங்க, அவர்களுடைய கலை மட்டும் மரியாதையான மேடைக்குப் போனது. 1936-இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. 1947-இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இவற்றுக்கு நடுவே யாருடைய பெயர் நின்றது, யாருடையது மறைந்தது என்ற கணக்கு இன்னும் தீரவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? "நாங்கள் டீசன்டான இடம்" என்று காட்டுவதற்காகப் பாலியல் தொழில் செய்தவர்களைத் தள்ளி வைக்கும் ஸ்டுடியோ, திருநங்கைகளையும் சேர்த்தே தள்ளுகிறது. நம் ஊரில் ஒரு திருநங்கையைப் பார்த்ததும் அந்த ஊகத்துக்குத்தான் பலர் முதலில் போகிறார்கள். யாருடைய தொழிலும் கேலிக்குரியது இல்லை என்ற நிலைப்பாடு வகுப்பில் தெளிவாக இருந்தால், தன்னைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டிய சுமை அவருக்கு இருக்காது. முதல் வகுப்பிலேயே இந்த வரலாற்றை ஐந்து நிமிடம் சொல்லுங்கள்.

பதிவுப் படிவத்தில் என்ன மாற்ற வேண்டும்?

அழைக்க வேண்டிய பெயர் என்று ஒரு கட்டம் போதும், அதுவே வருகைப் பட்டியலிலும் செயலியிலும் வர வேண்டும். பாலினம் உங்களுக்கு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரணம் இல்லையென்றால் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுங்கள். எப்படி அழைக்க வேண்டும் என்பதை மட்டும் கேளுங்கள், அதையும் விருப்பம் இருந்தால் நிரப்பலாம் என்று வையுங்கள்.

பலர் கவனிக்காத ஓர் இடம் பணம் கட்டும் இடம். யுபிஐ-யில் காசு அனுப்பினால் வங்கிக் கணக்கிலுள்ள பெயர்தான் திரையில் வரும். அது அவர் விட்டு வந்த பெயராக இருக்கலாம். மேசையில் இருப்பவர் அதை உரக்கப் படித்து "இது யாரு?" என்று கேட்டால் மொத்த வகுப்புக்கும் அவருடைய கதை தெரிந்துவிடும். பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வைத்துச் சரிபாருங்கள்.

அவசரத் தொடர்பு எண் கேட்கும்போது தந்தை, கணவர், பாதுகாவலர் என்று அச்சடிக்க வேண்டாம். வீட்டோடு பேச்சில்லாத திருநர்கள் பலர். தோழியோ அம்மா முறையாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கையோ அவருடைய ஆள். "நம்பிக்கைக்குரிய ஒருவர்" என்று போடுங்கள்.

வாய் தவறி மாற்றி அழைத்துவிட்டால்?

சரியாக ஒருமுறை சொல்லி, "மன்னிக்கணும்" என்று முடித்துவிட்டு வகுப்பைத் தொடருங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். உங்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையை அவர் தலையில் வைத்துவிடுவீர்கள்.

உடை மாற்றும் அறைக்கு எங்களிடம் இடமே இல்லையே?

தாழ்ப்பாள் உள்ள ஒற்றை அறை ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் தரைவரை தொங்கும் கனமான திரை. "இது திருநர்களுக்கானது" என்று எழுதி மாட்டாதீர்கள். அதற்குள் போவதே அறிவிப்பு ஆகிவிடும். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். தீக்காயத் தழும்பு உள்ளவர், ஹிஜாப் அணிபவர், வெட்கப்படும் பதினெட்டு வயதுக்காரர் என்று எல்லாருக்கும் அந்தத் தாழ்ப்பாள் தேவைப்படும். வீட்டிலிருந்தே உள்ளே உடை போட்டுக்கொண்டு வரலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடல் காட்ட விரும்பாத ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வது?

இது நிஜமான சிக்கல், ஏனென்றால் தோல் வேண்டும் என்பது உண்மை. ஆனால் எந்த அசைவுக்கு எந்தத் தோல் என்று பிரித்துச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். ஆரம்ப வாரங்களில் கற்பிக்கும் ஃபயர்மேன் ஸ்பின், சேர் ஸ்பின் போன்றவற்றுக்குக் கைப்பிடியே முக்கியம், சில சுழற்சிகளுக்கு முழங்கால் பக்கம் கொஞ்சம் தோல் வேண்டும். கம்பத்தில் உட்காரும் சிட்டுக்கு உள்தொடை. வயிறும் இடுப்பின் பக்கவாட்டும் தேவைப்படுவது பிறகுதான். ஆக, முதல் சில வாரங்களுக்கு முழு டி-சட்டையும் முழங்காலுக்குமேல் ஏறும் தளர்ந்த அரைக்கால் சட்டையும் போதும். தலைகீழாகும்போது சட்டை முகத்தில் விழாமல் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

காலையும் மூட விரும்பினால் பிடிமானப் பூச்சுள்ள லெக்கிங்ஸ் விற்பனையில் இருக்கிறது. சிலிக்கான் உறை போட்ட கம்பங்களும் உண்டு, அவற்றை உடையோடு பிடிக்கலாம். வெறும் தோலோடு பிடித்தால் இழுத்து எரியும், அதனால் அதற்கென்று ஒரு மூலையில் ஒரே ஒரு கம்பத்தை வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் எவ்வளவு தோல் காட்டுகிறார்களோ அவ்வளவு தைரியசாலிகள் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். உடல்மீது நம்பிக்கை வளர்ப்பது நல்ல விஷயம், ஆனால் அதன் அளவுகோல் துணியின் நீளமாக இருக்கக் கூடாது.

உயர ஹீல்ஸ் விருப்பமாக இருக்கட்டும். பெரிய பாதம் உள்ளவர்களுக்கும் சில மாடல்கள் கிடைக்கின்றன. ஸ்டுடியோவில் இரவலுக்கு வைக்கும்போது பெரிய அளவில் ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். அந்த ஒரு ஜோடி அலமாரியில் இருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்தவர்கள் உண்டு.

பைண்டர் போட்டுக்கொண்டு ஆடலாமா?

பைண்டர் என்பது மார்பை அழுத்தித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை. திருநம்பிகளும் சில நான்-பைனரி நபர்களும் அணிவது. என் பதில்: கம்பத்தில் வேண்டாம். விலா எலும்பு விரிந்தால்தான் மூச்சு முழுசாக வரும். தலைகீழாகத் தொங்கி வயிற்றை இறுக்கும்போது அந்த இடமும் அடைபட்டால் தலை சுற்றும், கை நழுவும். சாதாரண நாளிலேயே எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, உடற்பயிற்சியின்போது கழற்றிவிட வேண்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை. பைண்டர் அணியும் 1,800 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் முதுகுவலி, மூச்சுத் திணறல் போன்ற ஏதாவது ஒரு தொல்லையைச் சொன்னார்கள்.

ஆனால் "கழற்றிவிட்டு வா" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சிலருக்கு அது இல்லாமல் வீட்டை விட்டு வெளியே வருவதே முடியாது. அழுத்தம் குறைந்த, நன்றாகப் பொருந்தும் ஸ்போர்ட்ஸ் பிரா, அதன்மேல் தளர்ந்த டி-சட்டை என்று மாற்று வழியைச் சொல்லுங்கள். இன்றைக்கு அதுவும் முடியாது என்றால் தரை அசைவுகள், நின்றபடி செய்யும் மெதுவான நடை, கை வலுவாக்கும் பயிற்சி என்று திட்டத்தை மாற்றிக்கொடுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றுவதும் பெட்டி ஒட்டும் டேப் ஒட்டுவதும் எந்த நாளும் கூடாது. மூச்சுவிட விடாமல் இறுக்கிக்கொண்டே போகும், தோலையும் கிழிக்கும்.

திருநங்கைகளுக்கு இடுப்புப் பகுதியில் என்ன கவனம் வேண்டும்?

இதைக் கூச்சப்படாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் வலியில் முடிகிற விஷயம். அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத திருநங்கைகள் பலர் ஆணுறுப்பைப் பின்னால் மடித்து வைத்து இறுக்கமான உள்ளாடை போடுவார்கள். கம்பத்தை இரு தொடைகளுக்கு நடுவே இறுக்கும் சிட், சூப்பர்மேன் போன்றவற்றில் அழுத்தம் அந்தப் பகுதிக்கு அருகே விழும். சரியான நுட்பத்தில் கம்பம் தொடையின் மேல்பகுதித் தசையில் உட்காரும், நடுவில் இல்லை. இடுப்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்காரச் சொல்லுங்கள். ஆண் மாணவர்களுக்கும் இதே குறிப்புத்தான், அதனால் யாரையும் தனியே சுட்டாமல் மொத்த வகுப்புக்கும் சொல்லலாம். டேப் ஒட்டியிருப்பவர்களுக்கு வியர்வையில் அது கழன்று தோலை உரிக்கும். இறுக்கமான உள்ளாடையும் அதற்குமேல் கனத்த துணியில் அரைக்கால் சட்டையும் நல்ல மாற்று.

ஹார்மோன் எடுப்பவர்களுக்குப் பயிற்சியை மாற்ற வேண்டுமா?

யார் என்ன மருந்து எடுக்கிறார் என்று ஆசிரியர் கேட்கக் கூடாது. ஆனால் கேட்பவருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் தசை சீக்கிரம் வலுவாகும், தசைநாண் அந்த வேகத்துக்கு வராது. முழங்கையிலும் தோளிலும் வலி வருவது இதனால். செய்ய முடிகிறதே என்று கடினமான பிடிகளுக்குத் தாவ வேண்டாம். தோலில் எண்ணெயும் வியர்வையும் கூடும், வழுக்கும். பிடி வழுக்காமல் இருக்கக் கையில் தடவும் திரவ சாக் உதவும். ஊசியைத் தொடையில் போடுபவர்கள் அன்றைக்குத் தொடை அழுத்தும் அசைவுகளைத் தள்ளிப்போடலாம். ஜெல் தடவுபவர்கள் வகுப்பு முடிந்து குளித்த பிறகு தடவுவது நல்லது. அந்த ஜெல் தோலிலிருந்து அடுத்தவர் தோலுக்குப் போகக்கூடியது, நாம் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கிறோம், ஒரே கம்பத்தைப் பகிர்கிறோம். ஒவ்வொருவருக்குப் பின்னும் கம்பத்தைத் துடைக்கும் பழக்கம் எப்படியும் இருக்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் மருந்துகளும் எடுத்தால் மாதங்கள் போகப் போகத் தசை வலு கொஞ்சம் குறையலாம். போன வருடம் முடிந்த அசைவு இப்போது முடியவில்லை என்று மனம் உடைவார்கள். அது சோம்பல் இல்லை என்பதை ஆசிரியர் புரிந்துகொள்ள வேண்டும். தோல் வறண்டு போகும், மார்பு வளரும் காலத்தில் லேசாகப் பட்டாலே வலிக்கும். டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தை எடுப்பவர்களுக்குச் சிறுநீர் அதிகம் போகும், இரத்த அழுத்தம் இறங்கும். தலைகீழ் நிலையிலிருந்து மெதுவாக இறங்கி, கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு எழட்டும். அந்த மருந்து உடலில் பொட்டாசியத்தையும் கூட்டும் என்பதால், களைப்புக்கு இளநீர் நிறையக் குடிக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வியர்த்ததும் முதலில் கை நீட்டுவது இளநீருக்குத்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு எப்போது திரும்பலாம்?

செய்த மருத்துவர் சொல்லும்போது. மார்பு அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குக் கையைத் தோளுக்குமேல் தூக்கவே விட மாட்டார்கள். பிறப்புறுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடை இறுக்கும் அசைவுகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒரு கவனம்: தழும்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் உரிவது தெரியாது. வகுப்பு முடிந்ததும் கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

தாங்கிப் பிடிக்கும்போது எங்கே கை வைப்பது?

ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு. "உங்க இடுப்புப் பின்பக்கமும் தோள்பட்டையும் பிடிக்கப் போறேன், சரியா?" என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். போன வாரம் சரி என்றவர் இந்த வாரம் வேண்டாம் எனலாம். தொடுதலே வேண்டாம் என்பவருக்குக் கனமான கிராஷ் மேட் (விழுந்தால் தாங்கும் மெத்தை), தாழ்வான உயரம், படிப்படியான பயிற்சி. அவருக்குத் தலைகீழ் அசைவு கொஞ்சம் தாமதமாக வரும், வரட்டும்.

வாயால் சொல்லும் குறிப்புகளிலும் உடலுறுப்பை ஊகிக்க வேண்டாம். "மார்பைக் கம்பத்துக்குக் கொண்டு வாங்க" என்பதற்குப் பதில் "நெஞ்செலும்பு கம்பத்துக்கு" என்றால் யாருக்கும் உறுத்தாது, குறிப்பும் துல்லியமாகும்.

நடனம் பெண்மையாக இருக்க வேண்டும் என்பதுதானே இதன் அழகு?

சிலருக்கு அப்படி. நளினமாக இடுப்பசைத்து ஆடுவதற்காகவே வரும் திருநங்கை இருக்கிறார், இத்தனை வருடம் அந்த அசைவுக்காக அடி வாங்கியவர். அவரிடம் போய் "பாலினமற்று ஆடு" என்பது கொடுமை. அதே அறையில், அந்த அசைவைக் கற்பித்தால் மூச்சு முட்டும் திருநம்பியும் இருப்பார். பாணிக்குப் பாலினப் பெயர் வைக்காமல் தன்மையைச் சொல்லுங்கள்: மெதுவானது, கூர்மையானது, தரையோடு ஓடுவது, வலுவைக் காட்டுவது. ஒரே பாடலுக்கு இரண்டு விதமாக ஆடிக்காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். மதுரையில் பிறந்து, பரதநாட்டியத்தில் 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜின் வாழ்க்கை நம் கண்முன் இருக்கிறது. விரும்பிய அசைவைக் கற்றுத்தர ஒரு குரு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அது சொல்லும்.

வகுப்பில் வீடியோ எடுக்கலாமா?

இந்த விதியில் மட்டும் கொஞ்சமும் தளர வேண்டாம். போல் ஸ்டுடியோக்களில் கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் போனை எடுப்பது வழக்கம். சுவர் முழுக்கக் கண்ணாடி, எந்தப் பக்கம் எடுத்தாலும் பின்னால் இருப்பவர் விழுவார். அந்தப் பின்னால் இருப்பவர் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ தன் பாலினத்தைச் சொல்லாதவராக இருக்கலாம். ஒரு ரீல்ஸ் சொந்தக்காரர் கண்ணில் பட்டால் அவருக்கு வீடே இல்லாமல் போகலாம், அடி விழலாம்.

அதனால் அறையில் ஒரு மூலையைப் படமெடுக்கும் இடமாக ஒதுக்குங்கள், அதன் பின்னணியில் வெறும் சுவர் இருக்கட்டும். ஸ்டுடியோ பதிவிடும் முன் படத்தில் உள்ள ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பின்னாளில் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள், குறிப்பாகப் பாலின மாற்றத்துக்கு முந்தைய படங்களை. பிரைட் மாதம் என்று கொண்டாடப்படும் ஜூன் வந்ததும் உங்களிடம் இருக்கும் ஒரே திருநர் மாணவரை விளம்பரப் படத்துக்கு அழைக்கும் ஆசையும் வேண்டாம்.

வேறொரு மாணவர் வந்து "எனக்கு அசௌகரியமாக இருக்கிறது" என்றால்?

என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு செயலைச் சொன்னால், யார் செய்ததாக இருந்தாலும் விசாரியுங்கள். அவர் இருப்பதே அசௌகரியம் என்றால், திரை போட்ட உடைமாற்று அறை இருக்கிறது, வேறு நேரத்து வகுப்பும் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இடம் மாற வேண்டியவர் புகார் சொன்னவர்தான். இதில் ஒரு சந்தா போகலாம். போனாலும் சரி என்று முன்பே முடிவு செய்து, ஊழியர்களிடமும் சொல்லி வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் யோசித்தால் தைரியம் வராது.

போட்டிகளில் நிலைமை என்ன?

ஒரே மாதிரி இல்லை. 2009-இல் தொடங்கிய சர்வதேச போல் விளையாட்டுக் கூட்டமைப்பு 2012 முதல் உலகப் போட்டி நடத்துகிறது. அதில் ஆண்கள், பெண்கள், இரட்டையர், மாற்றுத்திறனாளிகள் என்று பிரிவுகள். கலைப் போட்டிகளில் திறன் அளவை வைத்து மட்டும் பிரிப்பவையும் உண்டு. நீங்கள் ஸ்டுடியோ அளவில் ஒரு மேடை நிகழ்ச்சி நடத்தினால் தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை என்று பிரியுங்கள். பரிசுக் கோப்பைக்குப் பாலினம் எதற்கு?

சட்டம் ஏதாவது சொல்கிறதா?

இந்தியாவில் 2014 ஏப்ரலில் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான சேவைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்கு: ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டத்தில் 2012 முதல் பாலின அடையாளமும் பாலின வெளிப்பாடும் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் பிறப்பிலான பாலினத்தையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பெண்களுக்கான தனி இடங்கள் பற்றிய விவாதம் சூடாகிவிட்டது. ஆனாலும் திருநர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற பாதுகாப்பு தொடர்வதாக அந்தத் தீர்ப்பே சொல்கிறது. தாழ்ப்பாள் உள்ள ஒற்றை அறைகள் கட்டிய ஸ்டுடியோவுக்கு உடை மாற்றும் இடத்தைப் பற்றிய தலைவலி குறைவு.

கட்டணத்தில் ஏதாவது செய்யலாமா?

செய்ய வேண்டும். ஹார்மோன், தோல் முடி நீக்கம், அறுவை சிகிச்சை என்று செலவு அதிகம், வேலை கிடைப்பது கடினம். மாதம் ஓர் இடத்தை இலவசமாகவோ பாதிக் கட்டணத்திலோ ஒதுக்குங்கள். ஏழ்மையை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். வகுப்பு உதவியாளராக வேலை கொடுத்து, பயிற்சி தந்து, ஆசிரியராக்க முடிந்தால் அதைவிடப் பெரியது இல்லை. திருநர் ஆசிரியர் ஒருவர் சம்பளத்தோடு முன்னால் நிற்கும் வகுப்புக்கு மாணவர்கள் தானாக வருவார்கள்.

நான் திருநர். எந்த ஸ்டுடியோவை நம்புவது?

சேரும் முன் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். இதையே அனுப்பலாம்: "வணக்கம். நான் திருநங்கை (அல்லது திருநம்பி, நான்-பைனரி). தொடக்க வகுப்பில் சேர விரும்புகிறேன். உடை மாற்றத் தனி இடம் உண்டா? டி-சட்டையோடு ஆடலாமா? வகுப்பில் வீடியோ எடுப்பார்களா?" பதில் வரும் விதத்தைக் கவனியுங்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னால் நல்ல அறிகுறி. "நாங்க யாரையும் வித்தியாசமா பார்க்கிறதில்லை" என்று மட்டும் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள்.

முதல் நாள் ஒரு தோழியோடு போகலாம், அவர் ஓரமாக உட்காரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்று உடலில் எண்ணெயோ லோஷனோ தடவ வேண்டாம், வழுக்கும். மோதிரம், வளையல், கொலுசு கழற்றி வையுங்கள். தண்ணீர், சின்னத் துண்டு, அரைக்கால் சட்டை, மேலே போட ஒரு தளர்ந்த சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உள்தொடையில் நீலம் நீலமாகக் கன்றியிருக்கும், முன்கை வலிக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டு நாள் இடைவெளி விட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள்.